ஒரு மைனஸ் குறியும் ராஜபாண்டியின் வேலையும்

1. டீயோடு வந்த வேலை

"முந்நூத்தி எம்பது வரிதானுங்க அம்மணி. ஒருக்கா படிச்சுப் பாத்துட்டு சனிக்கிழமைக்குள்ள ஓகேன்னு போட்டுருங்க. அறுவது பொட்டி கெளம்போணும்."

சபீர் பாய் இதைச் சொல்லிக்கொண்டே என் மேஜையில் டீயை வைத்தார். முதலாளி தன் கையால் டீ கொண்டுவந்தால் பின்னாலேயே ஒரு வேலையும் வருகிறது என்று அர்த்தம். பதினோரு வருஷம் அவரிடம் வேலை பார்த்ததில் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

எங்கள் கம்பெனி மங்கலம் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. மொத்தம் ஏழு பேர். நிட்டிங் மிஷின்களின் மின்சாரத்தைக் கண்காணிக்கிற பெட்டி ஒன்றைத் தயாரித்தோம். பெயர் ஏதோ வைத்திருந்தோம், ஆனால் திருப்பூரில் எல்லோரும் அதைப் 'பொட்டி' என்றே சொன்னார்கள். நாங்களும் கடைசியில் பில்லில் மட்டும் அந்தப் பெயரை எழுதினோம்.

அந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். வட்ட நிட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது உடனே நிற்காது, சில நொடிகள் சுற்றித்தான் நிற்கும். அந்த நேரத்தில் நூல் ஊட்டுகிற ஃபீடர்கள் செத்துப்போனால் நூல் கிடைக்காமல் ஊசிகளிலிருந்து துணி மொத்தமும் கழன்று கீழே விழுந்துவிடும். மறுபடி துணியை ஏற்ற அரை நாள் ஆகும். அதனால் ஃபீடர்களுக்கென்று தனியாக இருபத்திநாலு வோல்ட் பேட்டரி ஒன்று மிஷினில் இருக்கும். அந்தப் பேட்டரி சரியாக சார்ஜ் ஆகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பெட்டியின் முதல் வேலை.

பார்க்கிற கண் ஒரு சின்ன சென்சார் சிப். பேட்டரி ஒயரில் உட்கார்ந்து எவ்வளவு கரண்ட் போகிறது, எவ்வளவு வோல்டேஜ் இருக்கிறது என்று அளக்கும். கரண்ட் பேட்டரிக்குள் ஏறினால் பிளஸ், பேட்டரியிலிருந்து இறங்கினால் மைனஸ். பெட்டிக்குள் ஓடும் லினக்ஸுக்கும் இந்தச் சிப்புக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற புரோகிராம் கோடுதான் டிரைவர். சிப் புதிது, அதற்குத் தோதான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலில் இல்லை. எனவே பாய் தானே எழுதினார். மூன்று மாதமாக அதைத்தான் சோதனைக்குக் கொடுத்த பெட்டிகளில் ஓட்டிக்கொண்டிருந்தோம். நான் படித்துக் குறை பார்க்கிற ரிவ்யூவை முடித்ததும் அதை, கெர்னல்காரர்கள் கோடு அனுப்பிப் பேசிக்கொள்கிற மெயிலிங் லிஸ்ட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. உலகம் முழுக்க ஓடுகிற கெர்னலில் திருப்பூர்க்காரன் எழுதிய ஒரு ஃபைல் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லாத நாளில்லை. அந்த ஆசை எனக்கும் இருந்தது, வெளியே சொல்லவில்லை.

2. உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது

டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காத மூன்று வருஷம் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். அங்கே நல்ல செக்கர் பீஸைக் கையில் வாங்கியதும் முதலில் உள்பக்கம் திருப்புவார். வெளிப்பக்கம் எல்லாப் பீஸும் அழகாகத்தான் இருக்கும். விட்டுப்போன தையலும் தொங்குகிற நூலும் உள்ளேதான் தெரியும்.

கோடு ரிவ்யூவிலும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. மேலிருந்து படிக்க மாட்டேன். சிப் பதில் சொல்லாவிட்டால் இந்தக் கோடு என்ன செய்யும், தப்பான அளவு கொடுத்தால் என்ன செய்யும், ஒயர் கழன்றால் என்ன செய்யும் என்று தோல்விப் பாதைகளைத்தான் முதலில் படிப்பேன். பாய் இதைக் கிண்டல் பண்ணுவார். "அம்மணி கல்யாண ஊட்டுக்குப் போனாலும் பந்திக்கு முன்னாடி கொல்லப்பக்கந்தான் போவாங்க" என்பார்.

மத்தியானத்துக்குள் பத்துக் குறை எழுதிவிட்டேன். எல்லாம் சில்லறை. ரெசிஸ்டர் மதிப்பு பூஜ்யம் என்று யாராவது தப்பாகக் கொடுத்தால் பூஜ்யத்தால் வகுக்கப் போய் விழுந்துவிடும். சிப் எண்ணை வைக்கிற ரிஜிஸ்டரை ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம் படித்தால் எண் மாறிப்போகும். இப்படி. நல்ல கோடுதான், சுத்தமாக எழுதியிருந்தார், மனசுக்குள் பாராட்டவும் செய்தேன்.

பதினோராவது குறை இருநூற்றுப் பத்தாவது வரியை ஒட்டி இருந்தது. சிப்பிலிருந்து வந்த கரண்ட் எண்ணை 'ஆப்ஸ்' என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எடுத்திருந்தார். அது செய்வது ஒன்றே ஒன்றுதான். எண்ணில் மைனஸ் இருந்தால் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெறும் எண்ணைக் கொடுக்கும். ஐந்தும் ஐந்துதான், மைனஸ் ஐந்தும் ஐந்துதான்.

அதாவது பேட்டரிக்குள் ஏறுகிற கரண்ட்டும் பேட்டரியிலிருந்து ஒழுகுகிற கரண்ட்டும் எங்கள் பெட்டிக்கு ஒன்று. இரண்டுக்கும் பச்சை விளக்கைப் போட்டு 'சார்ஜிங்' என்று காட்டும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துபோய் பாயின் கதவைத் தட்டாமலே திறந்தேன்.

3. சூடத்துக்கு முன்னால் வந்த மைனஸ்

"இது என்னங்க பாய்?"

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். சிரித்தார். "அதா? அது பூஜையன்னிக்குப் போட்டதுங்க."

கதை இதுதான். திருப்பூரில் புது மிஷின் வந்தால் பூஜை போடாமல் ஓட்ட மாட்டார்கள். மிஷினுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுவார்கள். எங்கள் முதல் பெட்டி ஒரு கம்பெனியில் அப்படிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடும்பமே சுற்றி நிற்க, பாய் பெட்டியை ஆன் செய்தார். ஸ்கிரீனில் முதலில் வந்தது மைனஸ். எலெக்ட்ரீஷியன் ஒயரைத் தலைகீழாக மாட்டியிருந்தார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஓனரின் முகம் செத்துவிட்டது.

"மொத மொதல்ல மைனஸ் காட்டுதேங்க பாய். நல்ல நாளும் அதுவுமா இப்படியா? பொட்டியக் கழட்டிப்போடுங்க."

கழட்டித்தான் எடுத்துவந்திருக்கிறார். வந்த சூட்டில் இனி எந்த ஓனர் முன்னாலும் மைனஸே வரக்கூடாது என்று டிரைவரிலேயே வேரோடு பிடுங்கிவிட்டார். ஒயரை மாற்றி மாட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். வாடிக்கையாளர் மனசு நோகக்கூடாது என்று சிப்பின் வாயையே பொத்திய மரியாதை எங்கள் ஊருக்கே உரியது.

"ஸ்கிரீன்ல காட்ட வேண்டாம்னா ஸ்கிரீன்ல மறைங்க பாய். டிரைவர்ல மறைச்சா அதுக்கு மேல இருக்கற ஒருத்தருக்கும் உண்மை தெரியாது."

"அட, டிஸ்ப்ளே விசயத்துக்கு ஏனுங்க இத்தன சூடு? சனிக்கிழமை டெலிவரி முடியட்டும். அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாமுங்க."

"அப்ப ரிவ்யூட்-பை வரியில உங்க பேரையே போட்டுக்குங்க. என் பேர் வராது."

கெர்னல் உலகத்தில் ஒரு பேட்ச்சை, அதாவது புதிதாகச் சேர்க்க அனுப்பும் கோடை, ஒருவர் படித்துப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டால் அடியில் ரிவ்யூட்-பை என்று அவர் பெயர் வரும். அது அலங்காரத்துக்கு இல்லை. பின்னால் கோளாறு வந்தால் அவரையும் கேட்பார்கள். பாய்க்கு முகம் கறுத்தது. நானும் இறங்கவில்லை.

4. ஒரு போன்

அந்த நேரம் பார்த்து பாயின் போன் அடித்தது. அருள்புரத்தில் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கும் நாச்சிமுத்து. அறுபது பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தவர் அவர்தான். முன்னோட்டமாக நாலு மிஷினில் எங்கள் பெட்டி அவரிடம் ஓடிக்கொண்டிருந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார், என்னைச் சமாதானப்படுத்த ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நினைத்திருப்பார்.

"பாய், உங்க பொட்டி இருக்குதே, சும்மா சொல்லக்கூடாதுங்க, ஆளையே புடிச்சுக் குடுத்துருச்சு."

"என்னங்க ஆச்சு?"

"மூணாம் நம்பர் மிஷின்ல ரண்டு தடவ கரண்ட் போயி ரண்டு தடவையும் துணி உழுந்துபோச்சுங்க. ஆப்பரேட்டர் ராஜபாண்டி, தேனிப்பக்கத்து ஆளு, பேட்டரிதான் செத்துப்போச்சுன்னு சாதிக்கறான். பொட்டியப் பாத்தா பேட்டரி ஜம்முனு சார்ஜ் ஆயிட்டிருந்துருக்குது. அப்ப அவன்தான பேட்டரி ஸ்விட்ச ஆஃப் பண்ணி உட்டுருக்கோணும்? சனிக்கிழமையோட கணக்க முடிச்சுக்கச் சொல்லிப்போட்டனுங்க. கம்பெனி குடுத்த ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, நான் பேசலாமுங்களா?" என்றேன். "மூணாம் நம்பர் பொட்டி பதிஞ்சு வெச்சிருக்கற லாக் மட்டும் இப்ப அனுப்ப முடியுமுங்களா?"

பத்து நிமிஷத்தில் வந்தது. லாகில் இரண்டு பத்தி இருக்கும், கரண்ட் ஒன்று, வோல்டேஜ் ஒன்று. கரண்ட் பத்தி முழுக்க நல்ல பிள்ளையாக எண் காட்டியது. 'சார்ஜிங், சார்ஜிங்' என்று மணிக்கணக்காக. நான் பக்கத்துப் பத்தியைக் காட்டினேன். வோல்டேஜ் காலையில் இருபத்தைந்தரை. பிறகு இருபத்தைந்து. பிறகு இருபத்திநாலரை. மெயின் கரண்ட் போவதற்குச் சற்றுமுன் இருபத்துமூன்று.

"சார்ஜ் ஏர்ற பேட்டரியில வோல்டேஜ் எறங்குமா பாய்?"

அவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், நான் அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரண்ட் எண்ணெல்லாம் உண்மையில் மைனஸ். மெயின் கரண்ட் இருக்கும்போதே சார்ஜர் எங்கோ விட்டுப்போய், ஃபீடர்கள் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. ராஜபாண்டி சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு மனுஷனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னது நாங்கள் எழுதிய டிரைவர்.

 பாய் கீபோர்டை என் பக்கம் தள்ளவில்லை, தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வரியைத் தானே அழித்தார்.

"நான் போட்டது, நானே எடுக்கறேனுங்க. மிச்ச பத்தையும் சொல்லுங்க."

இந்த இடத்தில் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. பதினொன்றையும் அன்று சாயந்திரத்துக்குள் சரிசெய்தோம். ஒயர் தலைகீழாக இருந்தால் அதைச் சொல்வதற்கு ஒவ்வொரு பெட்டிக்கும் தனி செட்டிங் வைத்தோம். மெயினை அணைத்ததும் எண் மைனஸாக வர வேண்டும், வராவிட்டால் ஒயர் தலைகீழ். எளிய சோதனை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

5. அருள்புரம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் அருள்புரத்தில் இருந்தோம். நாச்சிமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். மிஷின்களின் இரைச்சலில் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும். மூன்றாம் நம்பர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ராஜபாண்டி. நாற்பது வயசு இருக்கும், தலையெல்லாம் பஞ்சுத் தூசி. அடுத்த நாளோடு வேலை போகப்போகிற ஆள் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் அந்த ஸ்விட்சத் தொடவே இல்லம்மா," என்றார் என்னைப் பார்த்ததும். "எம்புட்டு சொல்லியும் பொட்டி சொல்றதத்தான் நம்புறாங்க."

 நான் பெட்டியைத் திறந்து புது டிரைவரை ஏற்றினேன்.

ஸ்கிரீன் வந்தது. மைனஸ் பூஜ்யம் புள்ளி ஆறு. பச்சை விளக்கு சிவப்பானது.

நாச்சிமுத்து ஒரு அடி பின்னால் போனார். "ஏனுங்க மேடம், மைனஸ் காட்டுதுங்களே. நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துது? நீங்க வந்து கெடுத்துட்டீங்களா?"

"நேத்து வரைக்கும் பொட்டி பொய் சொல்லீட்டிருந்துதுங்க. இப்பத்தான் நெசம் பேசுது. கொஞ்சம் சார்ஜர் மூடியக் கழட்டச் சொல்லுங்க."

எலெக்ட்ரீஷியன் மனசில்லாமல் வந்து மூடியைக் கழட்டினார். நான் டெஸ்டர் முனையால் சார்ஜரிலிருந்து வரும் கனெக்டரை லேசாக அழுத்தினேன். ஸ்கிரீனில் மைனஸ் மறைந்து, ஒன்று புள்ளி நாலு என்று வந்தது. விளக்கு பச்சை. முனையை எடுத்தேன். மைனஸ், சிவப்பு. அழுத்தினேன், பச்சை. எடுத்தேன், சிவப்பு. மிஷினின் அதிர்வில் அந்தக் கனெக்டர் விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நீங்களே அமுக்கிப் பாருங்க" என்று டெஸ்டரை நாச்சிமுத்துவிடம் கொடுத்தேன். அவர் மூன்று தடவை அழுத்தினார். மூன்று தடவையும் விளக்கு மாறியது. நாலாவது தடவை அழுத்தவில்லை.

சபீர் பாய் அப்போது முன்னால் வந்தார். நான் சொல்லச் சொல்லவில்லை. "தப்பு எம்மேலதானுங்க. மைனஸ் காட்டுனா உங்களுக்கெல்லாம் புடிக்காதுன்னு நாந்தான் மறைச்சு எழுதிப்போட்டேன். இவரு மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

தன் பெரிய வாடிக்கையாளர் முன்னால், நாளைக்கு டெலிவரி வைத்துக்கொண்டு, ஒரு முதலாளி இப்படிச் சொல்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆர்டர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

நாச்சிமுத்து ராஜபாண்டியின் பக்கம் திரும்பினார். நேராகப் பார்க்க முடியாமல் மிஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ராஜபாண்டி, ரூமக் காலி பண்ண வேண்டாம். நான் விசாரிக்காம பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"சரிங்க மொதலாளி." அவ்வளவுதான் சொன்னார் ராஜபாண்டி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அந்த வேற மூணு பொட்டியிலயும் இதே மாதிரி மாத்தீருவீங்கள்ல? அங்கிட்டும் ஆளுக இருக்காங்க" என்றார்.

மூன்றையும் மாற்றினோம். இரண்டு சரியாக இருந்தன. நாலாம் நம்பரில் ஒயர் தலைகீழ். அதையும் ராஜபாண்டி பக்கத்தில் நின்று பார்த்தார். எதற்கு மைனஸ், எதற்கு பிளஸ் என்று இரண்டு கேள்வி கேட்டார், சரியான கேள்விகள். நான் ஜெயித்த நாட்கள் என் வேலையில் அதிகமில்லை. அன்று பல்லடம் ரோட்டில் திரும்பி வரும்போது ஜெயித்தேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். பாய் சிரித்துக்கொண்டே ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தி தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

6. பிறகு நடந்தது

அறுபது பெட்டி ஒரு வாரம் தள்ளிப் போனது. ஆர்டரில் ஒன்றும் குறையவில்லை. டிரைவரை மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்பினோம். கெர்னலின் அந்தப் பகுதியைப் பராமரிக்கிற, முகம் தெரியாத ஒரு மெயின்டெய்னர் இரண்டு சுற்று கேள்வி கேட்டார். இரண்டாவது சுற்றில், கரண்ட் எதிர்த்திசையில் போகும்போது என்ன எண் வரும் என்று கேட்டிருந்தார். நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழைய வரியோடு போயிருந்தால் அந்த ஒரு கேள்வியில் மானம் போயிருக்கும். மைனஸ் வரும் என்று பதில் எழுதினோம். பேட்ச் கெர்னலில் ஏறியது. எழுதியவர் சபீர், ரிவ்யூட்-பை என் பெயர். என் வீட்டில் அதை பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்றாலும்.

புதிதாக ரிவ்யூவுக்கு உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. தப்பு நடந்தால் டிரைவர் என்ன செய்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அது சொல்லும் எண்ணை யார் நம்புவார்கள், அந்த எண் பொய்யானால் யார் வீட்டுச் சாமான் தெருவுக்கு வரும் என்றும் பாருங்கள். அது தெரியாமல் உங்கள் பெயரைப் போடாதீர்கள். முதலாளியே எழுதியிருந்தாலும், அவர் டீ கொண்டுவந்திருந்தாலும்.

அறுபது பெட்டிகளை மாட்டும்போது மெயினை அணைத்து, மைனஸ் வருகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் என்று நாச்சிமுத்துவிடம் கேட்டோம். எலெக்ட்ரீஷியனை அனுப்புவார் என்று நினைத்தோம். நாச்சிமுத்து அனுப்பியது ராஜபாண்டியை. இரண்டு மிஷினில் மைனஸ் வரவில்லை. "இது சரியில்ல, கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ஓனர் முன்னாலேயே பேனாவை மூடிவிட்டார். ஒயரை மாற்றி மாட்டிக் காட்டிய பிறகுதான் திறந்தார்.

அந்த அறுபது தாளும் எங்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. அறுபதிலும் அவர் பெயர்.